அம்மாவின் சேலைகளை நான் ஆற்றில் விடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் 36 வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவள். பாபநாசத்தில் தாமிரபரணிக்குள் ஆட்கள் இறங்கி, இறந்தவர்களுக்குக் காரியம் செய்ய வருகிறவர்கள் ஆற்றில் விட்ட துணிகளைச் சேறும் பாசியுமாக இழுத்துவந்து கரையில் குவித்திருக்கும் படத்தை உங்கள் நாளிதழில் அவ்வப்போது பார்க்கிறேன். என் கண் முதலில் துணிக்குத்தான் போகும். இது பாலியெஸ்டர், அது காட்டன் வேட்டி, அந்தச் சேலையின் கரை கிழியவே இல்லையே, அந்தச் சட்டையில் ஒரு பட்டன்கூட விழவில்லையே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு குவியலில் என் அம்மாவின் 43 சேலைகளும் கிடந்திருக்க வேண்டியது. அவை எங்கெங்கே போயின என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன தை மாதம் அம்மா தவறிப்போனாள். 84 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திருநெல்வேலி டவுனில், ஒரே முற்றத்தில் பல குடித்தனம் இருக்கிற ஒரு வளவு வீட்டில்தான் இருந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாபநாசம் போக வேன் பேசியிருந்தோம். முந்தின நாள் ராத்திரி அத்தை பீரோவைத் திறந்து, அம்மாவின் சேலைகளை எல்லாம் பழைய போர்வை ஒன்றில் போட்டு மூட்டை கட்டிவிட்டாள்.

"எதுக்கு அத்தை மூட்டை?" என்று கேட்டேன்.

"ஏளா, இதுகூடத் தெரியாதா? செத்தவ துணிய வீட்ல வைக்கப்பிடாது. ஆத்துல விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்."

அத்தையை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ஆத்துத் தண்ணிதான அத்தை நம்ம வீட்டுக் குழாய்ல வருது? அம்மா சேலைய அதுல போட்டா, அவ பேரம்பேத்தி குடிக்கிற தண்ணியிலதான கெடந்து ஊறும்?" என்றேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. மதினிதான், "சரி, காரியம் செஞ்சு வைக்கிறவர்ட்டயே கேட்டுருவோம்" என்றாள்.

மறுநாள் படித்துறையில் அவரிடம் கேட்டோம். "ஈரத்துணிய மாத்திக்கிடணும், அவ்வளவுதான். ஆத்துல விடுங்கன்னு நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. பக்கத்துல இருக்கிறவங்க விடுறதப் பாத்துட்டு எல்லாரும் விடுதாங்க" என்றார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூட்டை வேனிலேயே இருக்கட்டும் என்றாள். அன்றைக்கு அவள் அப்படிச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எண்பது வயதில் ஒரு பழக்கத்தை விட்டுக்கொடுப்பது லேசு இல்லை.

தண்ணீருக்குள் கடைசிப் படியில் கால் வைத்தபோது கல் தட்டுப்படவில்லை, துணிதான் தட்டுப்பட்டது. வழுக்கியது. தம்பி மகன் முங்கி எழுந்தபோது அவன் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு ஒரு சேலை வந்தது. நான் வாங்கிப் பிழிந்து விரலில் நெருடிப் பார்த்தேன். பாலியெஸ்டர் ஜார்ஜெட். எத்தனை நாள் கிடந்ததோ, பாசி பிடித்திருந்தது. அதை உதறினால் உள்ளே சிவப்பு அப்படியே இருக்கிறது. பருத்தி என்றால் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்து நாளாவட்டத்தில் இற்று மக்கிவிடும். பாலியெஸ்டர் மக்காது. பெட்ரோலியத்திலிருந்து வருகிற பிளாஸ்டிக் இழை அது. தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்கும் அதுவும் ஒன்றுதான். பாறையில் உரசி உரசி, கண்ணுக்குத் தெரியாத தும்பு தும்பாக உதிர்ந்து தண்ணீரோடு போகும். மீன் தின்னும். முன்காலத்தில் யாராவது ஒரு நூல்துணியை ஆற்றில் விட்டிருந்தால் ஆறு அதைத் தின்று செரித்திருக்கும். இன்றைக்கு என் கடைக்கு வருகிற துணிகளில் பாதிக்கு மேல் கலப்புத் துணி. இதை எந்த ஆறும் செரிக்காது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரைக்கும் ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான் நம் ஆறு. தொடக்கமும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அதனால் இதன் தண்ணீருக்காக எந்த மாநிலத்தோடும் நமக்குச் சண்டை இல்லை; இது அழுக்கானாலும் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இதைத்தான். பாபநாசம் மேலே இருக்கிறது, நாம் எல்லாரும் கீழே இருக்கிறோம். அங்கே விடுகிற துணி நம் உறைகிணறுகளைத் தேடித்தான் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் கடைக்குக் கொண்டுவந்து, துணி வெட்டுகிற மேஜையில் விரித்தேன். 27 பருத்தி, 12 சிந்தடிக், 4 பட்டு. பருத்தியில் இரண்டு வீரவநல்லூர் கைத்தறி. ஒரு சுங்குடியின் முந்தி மூலையில் முடிச்சுப் போட்டு இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது. அதை அவிழ்க்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது என்று சொன்னால் நம்புவீர்களா? முடிச்சு இறுக்கம் இல்லை. கைதான் வரவில்லை.

பருத்தியில் கிழிசல் இல்லாதவை 11. துவைத்து, வெயிலில் போட்டு, கரை பிரிந்த இடத்தில் தைத்து, இஸ்திரி போட்டுத்தான் கொடுத்தேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் பல ஊர்களில் அன்புச் சுவர் என்று வைத்தார்கள், நம் நெல்லையிலும் வைத்தார்கள். வேண்டாதவர் வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். மிக நல்ல காரியம். ஒரு சுவரில் நான் பார்த்த துணிகளோ ஜிப் போன பேன்ட், அக்குள் கிழிந்த சட்டை, துவைக்காத உள்பாவாடை. எடுக்க வந்த ஒரு அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள். ஒரு பட்டன் தைக்க ஐந்து நிமிஷம் ஆகுமா? உங்கள் தங்கச்சிக்கு எப்படிக் கொடுப்பீர்களோ, அப்படிக் கொடுங்கள். வளவில் பெருக்குகிற பெண் மூன்று சேலை வாங்கிக்கொண்டாள். பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் சாஸ்தா கோயிலுக்கு அம்மாவின் மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு போய், போட்டோவும் எடுத்து வந்து காட்டினாள்.

நைந்த சேலைகளை வீணாகப் போனது என்று நினைக்கிறீர்களா? பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும். பத்து வருஷம் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சேலைக்கு ஈடான துணியை எந்த மில்லும் நெய்து தராது. எங்கள் தெருவில் ஒரு பெண் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வந்தபோது, தொட்டில் கட்ட இரண்டு சேலையும், சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் அடித்த துண்டுகள் நாற்பதும் கொடுத்தேன். மிச்சம் கிழிந்தவை மோட்டார்பைக் ஒர்க்ஷாப்புக்குப் போயின. அவர்கள் எண்ணெய் துடைக்கக் காசு கொடுத்துப் பனியன் வேஸ்ட் வாங்குகிறார்கள். பருத்தித்துணி கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் வெட்டுத்துணியை மறுபடி பஞ்சாகப் பிரித்து நூல் நூற்கிற மில்களே இருக்கின்றன. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்கிறார்கள். அவ்வளவு தண்ணீரைக் குடித்துப் பிறந்த துணியைக் கொண்டுபோய் ஒரு ஆற்றிலேயே போடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

சிந்தடிக் சேலைகள்தான் பாடு. உடம்பு துடைக்க ஆகாது, எண்ணெய் உறிஞ்சாது. ஆனால் நனைந்தாலும் இற்றுப்போகாது, அதுதான் அதன் குணம். ஐந்து சேலையை இரட்டையாக மடித்துப் பைகள் தைத்தேன். 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசே இயக்கம் நடத்தியது. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி அந்தப் பைகளைக் கடையில் தொங்கவிட்டு, பை மறந்து வருகிறவர்களுக்குக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். இரண்டு சேலை மொட்டைமாடியில் கீரைத் தொட்டிகளுக்கு நிழல் கட்டவும், வத்தல் காயும்போது காக்காய்க்கு மூடவும் ஆனது. மீதி ஐந்தும் கட்டுகிற மாதிரி நன்றாகவே இருந்தன. மதினி மூலமாக ஆள் பார்த்துக் கொடுத்தோம்.

பட்டில் இரண்டை நானும் தங்கச்சியும் வைத்துக்கொண்டோம். ஒன்று மடிப்பு மடிப்பாக விட்டுப்போயிருந்தது. பழைய அசல் ஜரிகை, வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கிக்கொண்டார்கள். பின்னால் வாங்கிய ஒன்றில் வெள்ளியே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது இப்போது பூஜை அலமாரிக்குத் திரை.

துணி என் தொழில் என்பதால் நீட்டிவிட்டேன். வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம் ஆனது. பரணில் இருந்து இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. ஓலைப்பெட்டி, சொளவு, உடைந்த நார்க்கட்டில் எல்லாம் மண்ணில் பிறந்தவை, மண்ணுக்கே போயின. பத்தமடைப் பாய் ஒன்று ஓரம் மட்டும் கிழிந்திருந்தது. சேலைக் கரையை வைத்து ஓரம் தைத்தேன், அதில்தான் இப்போது மத்தியானம் தலைசாய்க்கிறேன். ஆட்டுரலை யாரும் கேட்கவில்லை. வளவு முற்றத்திலேயே கிடக்கிறது, குழியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் குருவி குடிக்கிறது.

பாத்திரங்களைப் பழைய இரும்புக்கடைக்குக் கொண்டுபோனேன். காயலான் கடை என்று சென்னைப் பக்கம் சொல்கிறார்களே, அது நம் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பேர் என்று சொல்வார்கள். அந்தக் கடை அண்ணாச்சி ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார். சருவம், தவலை, கும்பா, கரண்டி என்று ஒவ்வொன்றாக அதைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டினால் இரும்பு. எவர்சில்வரில் நல்லது ஒட்டாது. பித்தளை மாதிரி மின்னிய ஒரு குத்துவிளக்கு டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. மேலே முலாம், உள்ளே இரும்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த விளக்கு அது. யார் கொடுத்தது என்று வீட்டில் இதுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் நான் கற்றது நிறைய. பேப்பர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். செய்தித்தாள் தனி, நோட்டுப் புத்தகத்து வெள்ளைத்தாள் தனி, அட்டை தனி. எண்ணெய் பட்ட தாளும் ஈரத்தாளும் ஆகாது. பக்கெட், குடம் மாதிரிக் கெட்டி பிளாஸ்டிக் ஒரு விலை, பால் கவர் வேறு. நாம் ஈயப்பாத்திரம் என்று சொல்கிற அலுமினியத்துக்கு நல்ல விலை. பாலிடெக்னிக்கில் படிக்கிற தம்பி மகன் அதற்குக் காரணம் சொன்னான்: மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகிற சக்தியில் இருபதில் ஒரு பங்குதான் பழைய பாத்திரத்தை உருக்கி எடுக்க ஆகுமாம். அம்மா ஐம்பது வருஷம் சோறு வடித்த சட்டி இன்னொரு வீட்டில் இன்னொரு பாத்திரமாக அடுப்பில் ஏறும். "யக்கா, நீங்க பிரிச்சுக் கொண்டாந்ததால வாங்குதேன். இதையே சாம்பார்ல முக்கி ஒரே சாக்குல கட்டிக் கொண்டாந்தா, எல்லாம் இருந்தும் ஒண்ணும் ஆகாது" என்றார்.

இன்னொரு விஷயம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின். கடைசி ஒரு வருஷம் நானும் வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணும் மாறி மாறி ஊசி போட்டோம். போட்ட ஊசியை எங்கே போட்டோம் தெரியுமா? காய்கறித் தோலோடு, அடுக்களைக் குப்பைக் கவரில். ஒருநாள் காலையில் குப்பை வாங்க வந்த தூய்மைப் பணியாளர் பெண், கவரை வாங்கி வண்டியில் பிரித்துப் போடும்போது கையை உதறினாள். பெருவிரலில் ரத்தம். "என்னக்கா, ஊசியெல்லாம் போட்டு வச்சிருக்கீக" என்று மட்டும்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வருகிற வரைக்கும் அவள் வீட்டிலும் தூக்கம் இல்லை, என் வீட்டிலும் இல்லை. நல்லவேளையாக ஒன்றும் இல்லை. அன்றைக்கே மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் 'ஊசி' என்று சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகளிலேயே இது இருந்தது. மக்குவது, மக்காதது, அப்புறம் வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் குப்பையைக் கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஊசி, காலாவதியான மாத்திரை, டியூப்லைட், பேட்டரி, பூச்சிமருந்து டப்பா எல்லாம் அந்த மூன்றாவது வகை. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகளை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொண்டுவந்து கொட்டியபோது நாம் எல்லாரும் கொதித்தோம். கொதித்தது நியாயம். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, கேரளத்திலிருந்தே லாரிகளும் அதிகாரிகளும் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் அடுக்களைக் கவரும் அந்தப் பெண்ணின் பெருவிரலும்தான் நினைவுக்கு வந்தன. என் வீட்டு ஊசியை அள்ளிக்கொண்டு போக எந்த லாரி வரும்?

ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்து, புகை ஊருக்குள் வந்தது என்று செய்தி வந்தால் மாநகராட்சியைத் திட்டுகிறோம். அங்கே எரிகிறது நம் வீட்டுத் தலையணை, நம் வீட்டுச் செருப்பு, நம் வீட்டு வயர். பிரித்துக் கொடுத்திருந்தால் அதில் பாதி அந்த மேட்டுக்கே போயிருக்காது.

கடைசியாக டிவி. அம்மா வீட்டில் இருந்தது 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. அம்மா அதில்தான் ஒவ்வொரு வருஷமும் நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்தாள். நடை தளர்ந்தபிறகு தெருமுக்கில் ஓடுகிற தேரையே டிவியில் பார்க்கும்படி ஆகிவிட்டது. டிவி நின்று ஆறேழு வருஷம் ஆகிறது. 2011-க்குப் பிறகு கொடுத்த மேஜைவிசிறியும் மிக்ஸியும் இருந்தன. விசிறிக்குப் புஷ் மாற்றினோம், ஓடுகிறது, வளவில் ஒரு பையன் அதை வைத்துக்கொண்டு படிக்கிறான். மிக்ஸி மோட்டார் கருகிவிட்டது, உள்ளே கம்பிக்காக வைண்டிங் கடையில் எடுத்துக்கொண்டார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி போனால் புது பேட்டரி விற்கிற கடையே பழசை விலைபோட்டு எடுத்துக்கொள்கிறது. டிவியை மட்டும் யாரும் வாங்கவில்லை. இரும்புக்கடை அண்ணாச்சி சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார். "வாங்கினா உடைக்கணும், உடைச்சா அந்தக் கண்ணாடிய எங்க போட?" என்று கேட்டார்.

அவர் கேட்டதன் அர்த்தம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. டவுனுக்கு வெளியே ஒரு குளத்தங்கரை வழியாக வந்தபோது, ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். டிவிக்குள் இருக்கிற பெரிய குமிழ்க் கண்ணாடி, ஏழெட்டு, கழுத்து உடைந்து கிடந்தன. கழுத்தில் சுற்றியிருக்கிற தாமிரக் கம்பிச் சுருளை உருவிக்கொண்டு, மீதியை அங்கேயே வீசிவிட்டார்கள். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பொடி பூசினாற்போல இருந்தது. அந்தக் கண்ணாடியில் கதிர்வீச்சைத் தடுப்பதற்காகக் காரீயம் கலந்திருக்கும் என்று தம்பி மகன் சொன்னான். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற நஞ்சு அது. அடுத்த மழைக்கு அந்தக் கண்ணாடி எல்லாம் தண்ணீருக்குள் இருக்கும். அந்தக் குளத்துக்குக் கீழே வயல்.

வயிற்றுப்பாட்டுக்குக் கம்பி எடுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். விலை உள்ள பொருளுக்கு நம் ஊரில் ஆள் இருக்கிறது; தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள், இரும்புக்கடைக்காரர்கள், வைண்டிங் கடைக்காரர்கள் எல்லாரும் யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். விலை இல்லாத பொருள்தான் குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. அதற்கு அரசுதான் ஆள் போட வேண்டும். மின்னணுக் கழிவுக்கு அதைத் தயாரித்த நிறுவனங்களே பொறுப்பு என்று 2012-லிருந்து விதி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் புது விதியும் நடைமுறையில் இருக்கிறது. விதி எங்கேயோ இருக்கிறது, அம்மாவின் டிவி என் கடையில் துணி வெட்டுகிற மேஜைக்குக் கீழே இருக்கிறது. இரண்டும் சந்திக்க ஒரு இடம் வேண்டாமா?

அதனால் உங்கள் நாளிதழ் வழியாகச் சிலதைக் கேட்டுக்கொள்கிறேன்.

பாபநாசம் படித்துறைக்கு இறங்குகிற வழியிலேயே, தண்ணீரைத் தொடும் முன்னால், துணி வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். தொட்டி மட்டும் வைத்தால் நடக்காது. ஈரத்துணியோடும் துக்கத்தோடும் நிற்கிறவரிடம் ஒரு மனுஷி பக்கத்தில் வந்து, "இங்க குடுங்கம்மா, நல்ல இடத்துக்குப் போகும்" என்று சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கொடுத்துவிடுவார்கள். என் அத்தையே கொடுத்தாளே. வாங்கிய துணியில் நல்லதைத் துவைத்துக் கொடுக்கலாம், பருத்திக் கிழிசலை ஒர்க்ஷாப்புகளுக்கு விற்கலாம், மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அது ஒரு வருமானம். ஆடி அமாவாசைக்கு முன்னால் தொடங்கினால் இன்னும் நல்லது. காரியம் செய்து வைக்கிறவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு இருக்கிற மதிப்பு வேறு எந்த அறிவிப்புப் பலகைக்கும் இல்லை. அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

2023 மே மாதம் நாடு முழுவதும் நகரங்களில் பழைய துணி, புத்தகம், செருப்பு, பிளாஸ்டிக் எல்லாம் வாங்கிக்கொள்ள மையங்கள் திறக்கச் சொல்லி, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வரைக்கும் ஒரு இயக்கம் நடந்தது. மூன்று வாரம் போதாது. வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போவதோ, வீடு மாற்றுவதோ, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை இறக்குவதோ மே மாதம் பார்த்து வருவதில்லை. தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நம் மாநகராட்சியின் நாலு மண்டலத்திலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்தால் ஜனங்களுக்குப் பழகிவிடும். அதில் டிவி, டியூப்லைட், பழைய செல்போன், காலாவதி மாத்திரை, ஊசி டப்பா எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். விலை தர வேண்டாம். வாங்கிக்கொண்டால் போதும்.

பாளையங்கோட்டைத் தாய்மார்களுக்கு என்னால் ஆனது ஒன்று உண்டு. யாருக்காவது கொடுக்க எடுத்து வைத்திருக்கிற துணியில் பட்டன், ஹூக், ஜிப், தையல் பிரிந்தது இருந்தால், துவைத்து எடுத்துக்கொண்டு உங்கள் தெருத் தையல்காரியிடம் போங்கள். எந்தத் தையல்காரியிடமும் பழைய பட்டன் ஒரு டப்பா நிறைய இருக்கும். கொடுக்கிற துணிக்கு என்று சொன்னால் நாங்கள் யாரும் கூலி கேட்கமாட்டோம். நான் கேட்கமாட்டேன்.

டிவி இன்னும் மேஜைக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே ஒரு பழைய பருத்தித் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். எந்த நாளில், எந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாநகராட்சி சொன்னால், ஆட்டோ பிடித்து நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
பாளையங்கோட்டை.